மேடையே போர்க்களம் – 5: இசைத்தாளில் ஒளிந்த ரகசியம்

இதுவரை: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1906-ல் ஒரு சலவைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர் ஜோசஃபின் பேக்கர். எட்டு வயதில் அடுத்தவர் வீட்டில் வேலைக்குப் போனவர், பதின்வயதிலேயே நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1925 அக்டோபர் 2 அன்று பாரிஸின் ஷான்ஸெலிஸே அரங்கில் ஆடிய ஒரே இரவில் நகரத்தின் பேச்சாக மாறினார். அடுத்த ஆண்டு ஃபோலி பெர்ஜேர் அரங்கில் வாழைப்பழப் பாவாடை கட்டி ஆடி ஐரோப்பா முழுவதும் அறிமுகமானார். பத்து ஆண்டுகள் கழித்து, 1935-ன் இறுதியில், நட்சத்திரமாகத் தாய்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். நியூயார்க் துறைமுகத்தில் அவருக்காகக் காத்திருந்தது என்ன?

*

1936 ஜனவரி 30. நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் வின்டர் கார்டன் அரங்கம்.

‘ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்’ என்ற பெயருக்கு அன்றைய அமெரிக்காவில் தனி மதிப்பு உண்டு. பாட்டு, ஆட்டம், நகைச்சுவை மூன்றையும் ஒரே மேடையில் கொட்டும் பிரம்மாண்ட நிகழ்ச்சி அது. அந்த ஆண்டின் குழுவைப் பாருங்கள். பாடல் வரிகள் ஐரா கெர்ஷ்வின். இசை வெர்னான் டியூக். அரங்கமும் ஆடையும் வின்சென்ட் மின்னெல்லி. நடன அமைப்பாளர்களில் ஒருவர், ரஷ்யாவிலிருந்து வந்து அமெரிக்க பாலே நடனத்தின் திசையையே மாற்றவிருந்த ஜார்ஜ் பலன்ஷீன். நடிகர்கள் ஃபேனி பிரைஸ், பாப் ஹோப். இத்தனை பேருக்கு நடுவே கறுப்பின நட்சத்திரம், 29 வயது ஜோசஃபின் பேக்கர்.

அவருக்கு ஒதுக்கப்பட்ட காட்சிகள் சாதாரணமானவை அல்ல. ‘மகாராணி’ என்ற பெயரில் ஒரு பாட்டு. மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றிய ஒரு பாட்டும் ஆட்டமும். பலன்ஷீன் அமைத்த ‘அதிகாலை ஐந்து மணி’ என்ற நடனம். பாரிஸில் கற்றுக்கொண்ட அத்தனையையும் அந்த மேடையில் வைத்தார். நீண்ட உடையில் நிமிர்ந்து வந்து பாடினார். பிறகு ஆடினார்.

மறுநாள் பத்திரிகைகள் வந்தன.

குரல் அந்தப் பெரிய அரங்குக்குப் போதவில்லை என்றார்கள். ஆட்டத்தில் புதுமை இல்லை, நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் இரவு விடுதிகளில் தினமும் பார்ப்பதுதான் என்றார்கள். ‘டைம்’ இதழ் ஒரு படி மேலே போனது. செயின்ட் லூயிஸ் சலவைக்காரியின் மகள் என்று அவரை அறிமுகப்படுத்தி, அவருடைய பல்லையும் நிறத்தையும் பற்றி எழுதியது. பாரிஸ் இவரிடம் எதைக் கண்டு மயங்கியது என்ற ஏளனம் அந்தக் குறிப்பு முழுவதும் இருந்தது.

குரலைப் பற்றிய விமர்சனத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஜோசஃபினின் குரல் மெல்லியது. பறவையின் குரல் போல உயரத்தில் நடுங்கி நிற்கும். நியூயார்க்கின் பெரிய அரங்கத்தை அறைந்து நிரப்பும் குரல் அல்ல. ஆனால் அந்த விமர்சனங்களுக்குக் குரல் மட்டும் காரணம் இல்லை. அன்றைய அமெரிக்க மேடையில் கறுப்பினப் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைத்தவை பணிப்பெண் வேடமும் சிரிப்பு வேடமும்தான். வெள்ளையர்கள் நிறைந்த ஒரு குழுவில் தலைநிமிர்ந்து வந்து, ‘நான்தான் நட்சத்திரம்’ என்று நிற்கும் கறுப்பினப் பெண்ணைப் பார்த்து நியூயார்க் ரசிகர்களுக்குப் பழக்கமில்லை. பாப் ஹோப்புக்கும் ஃபேனி பிரைஸுக்கும் கைதட்டல் அள்ளிக் கொடுத்த அதே அரங்கம், ஜோசஃபினைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டது.

மேடைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். தங்கியிருந்த ஹோட்டலில், முன்வாசலைப் பயன்படுத்த வேண்டாம், வேலைக்காரர்களின் வழியாகப் போய் வாருங்கள் என்றார்கள். பாரிஸில் சீமான்கள் எழுந்து நின்று வரவேற்ற பெண்ணுக்குப் பிறந்த நாட்டில் பின்கதவு.

கோபம் அருகில் இருந்தவர் மீது பாய்ந்தது. அவர் பெப்பிட்டோ அபாட்டினோ. பத்து ஆண்டுகளாக மேலாளர், காதலர், ஆசிரியர் எல்லாமாக இருந்த இத்தாலியர். இருவருக்கும் சண்டை முற்றியது. பெப்பிட்டோ தனியாகப் பாரிஸுக்குக் கப்பல் ஏறினார். சமாதானம் பேசிக்கொள்ள நேரம் இருக்கிறது என்று இருவரும் நினைத்திருக்கக்கூடும். நேரம் இல்லை. பெப்பிட்டோவின் உடலுக்குள் புற்றுநோய் வளர்ந்துகொண்டிருந்தது. அதே 1936-ல், ஜோசஃபின் நியூயார்க்கில் இருக்கும்போதே, அவர் பாரிஸில் இறந்துபோனார்.

தாய்நாடு கைவிட்டது. கைபிடித்து நடத்தியவர் போய்விட்டார். நிகழ்ச்சியில் ஜோசஃபினின் இடம் வேறொருவருக்குப் போனது. முப்பது வயதில் ஜோசஃபின் பேக்கரின் கதை முடிந்துவிட்டதாகவே பிராட்வே கணக்குப் போட்டது.

அந்தக் கணக்கு எங்கே தவறியது?

*

பிராட்வேயின் விமர்சகர்கள் ஜோசஃபினின் பத்து ஆண்டு உழைப்பைப் பார்க்கவில்லை. அதை நாம் பார்த்தாக வேண்டும்.

ஜோசஃபின் முதலில் கற்றது சிரிக்க வைக்கும் கலை. அமெரிக்க நாடகக் குழுக்களின் ஆட்டக்காரிகள் வரிசையில் கடைசியாக நிற்கும் பெண்ணுக்கு ஒரு தனி வேலை உண்டு. அடவு மறந்தவள் போலத் தடுமாற வேண்டும், கண்ணை மாறுகண்ணாக்க வேண்டும், காலைப் பின்னிக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சியின் முடிவில் மற்ற எல்லோரையும்விட நன்றாக ஆடிக் காட்ட வேண்டும். சிரிப்புக்குள் திறமையை ஒளித்து வைக்கும் இந்த வேலையில் ஜோசஃபினுக்கு நிகர் யாரும் இல்லை. அவருக்கு அறியாப் பெண் போல நடிக்கத் தெரியும். எதிரில் இருப்பவரை ஏமாற்றி, உரிய நேரத்தில் உண்மையான திறமையைக் காட்டவும் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இது ஒரு நாட்டுக்கே பயன்படப்போகிறது.

பாரிஸ் முதலில் விரும்பியது அவருடைய உடலை. 1926-ன் வாழைப்பழப் பாவாடை, ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவைப் பற்றிக் கண்ட கனவு. அந்தக் கனவுக்குள் நின்றபடியே ஜோசஃபின் அதைக் கிண்டலும் செய்தார்; ஆனால் அந்தக் கனவு அவரைச் சிறையும் வைத்தது. 1928-ல் வியன்னாவுக்குப் போனபோது அவர் வருகைக்கு எதிராகத் தேவாலய மணிகள் ஒலித்தன. மியூனிக் நகரம் அடுத்த ஆண்டு அனுமதியே தரவில்லை. உடலை மட்டும் நம்பினால் சில ஆண்டுகளில் ஓரங்கட்டப்படுவோம் என்பது ஜோசஃபினுக்கும் பெப்பிட்டோவுக்கும் தெளிவாகத் தெரிந்தது.

எனவே குரலில் உழைத்தார்கள். பிரெஞ்சு மொழிப் பயிற்சி, பாட்டுப் பயிற்சி, மேடையில் நடக்கும் பயிற்சி. 1930-ல் காஸினோ த பாரி அரங்கில் வந்து நின்ற ஜோசஃபின் வேறொரு பெண். தலையிலும் முதுகிலும் இறகு அலங்காரத்தோடு உயரமான படிக்கட்டில் இறங்கி வர வேண்டும். கால்களைப் பார்க்கக் கூடாது; மூச்சு வாங்கக் கூடாது; கடைசிப் படியில் பாட்டு தொடங்க வேண்டும். இசையமைப்பாளர் வின்சென்ட் ஸ்கோத்தோ அந்த மெல்லிய குரலுக்கு ஏற்றாற்போல ஒரு பாட்டு செய்து கொடுத்தார். ‘எனக்கு இரண்டு காதல்கள்’ என்ற அந்தப் பாட்டு இசைத்தட்டாகவும் வந்து, வாழ்நாள் முழுவதும் அவருடைய அடையாளமாக நின்றது. ஆட்டக்காரி என்று மட்டுமே அறியப்பட்டவர் அந்தப் பாட்டுக்குப் பிறகு பாடகி ஆனார்.

அடுத்து நடிப்பு. 1927-ல் ‘லா சிரேன் தே த்ரோபிக்’ என்ற ஊமைப்படம். 1934-ல் மார்க் அலெக்ரே இயக்கிய ‘ஸூஸூ’. அதில் ஜோசஃபின் ஏற்றது சலவைக்கூடத்தில் வேலை செய்து நட்சத்திரமாக உயரும் பெண்ணின் வேடம். துணியைத் துவைத்துத் துவைத்துக் கை காய்த்துப்போன தாயின் மகளுக்கு அந்த வேடத்தை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கடைசியில் இறகு உடையோடு பறவைக்கூண்டின் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவார். அவர் காதலித்த மனிதனோ வேறு பெண்ணோடு போய்விடுவான். அந்த மனிதனாக நடித்தவர் பிரெஞ்சுத் திரையின் பெரும் நடிகர் ழான் கபேன். அடுத்த ஆண்டு துனீசியாவில் படமான ‘பிரின்ஸெஸ் டாம் டாம்’. அதிலும் பிரெஞ்சு நாயகன் அவருக்குக் கிடைப்பதில்லை. கறுப்பினப் பெண்ணுக்குப் பாட்டும் ஆட்டமும் கைதட்டலும் தரலாம், திருமணத்தைத் தர முடியாது என்ற எழுதாத சட்டம் பாரிஸிலும் இருந்தது. தன்னைப் பாராட்டிய ஊரின் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று ஜோசஃபினுக்குத் தெரியும்.

1934 டிசம்பரில் மரிஞி அரங்கில் அவர் இன்னும் கடினமான ஒன்றில் கை வைத்தார். ஓஃபென்பாக் இயற்றிய ‘லா கிரியோல்’ என்ற இசை நாடகம். துண்டு துண்டான கதம்ப நிகழ்ச்சியில் ஒரு பாட்டு பிசகினால் அடுத்த ஆட்டத்தில் சரி செய்துகொள்ளலாம். இசை நாடகத்தில் அது முடியாது. முதல் காட்சியில் ஏற்ற பாத்திரத்தைக் கடைசித் திரை விழும்வரை சுமக்க வேண்டும். வசனம் வேறு மொழியில். பாட்டு கதையை நகர்த்த வேண்டும். ஆட்டம் அந்தப் பாத்திரத்தின் ஆட்டமாக இருக்க வேண்டும். மூன்று கலைகளும் ஒரே உடலில் ஒன்றாகக் கூடியது அங்கேதான்.

இத்தனை உழைப்பையும் சுமந்துகொண்டுதான் அவர் நியூயார்க் போனார். அங்கே அதற்கு மதிப்பு இல்லை என்றதும் பிரான்ஸுக்குத் திரும்பினார். இந்த முறை விருந்தாளியாக அல்ல.

1937 நவம்பர் 30 அன்று ழான் லியோன் என்ற யூதத் தொழிலதிபரைத் திருமணம் செய்துகொண்டார். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. கணவர் யூதர், மனைவி கறுப்பினத்தவர். ரைன் நதிக்கு அந்தப் பக்கம் ஹிட்லரின் ஜெர்மனியில் இந்த இரண்டு பிறப்புகளுக்கும் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். திருமணம் நீடிக்கவில்லை. ஆனால் அந்த நாட்டின் மீது அவர் வைத்த பற்று நீடித்தது.

இரண்டே ஆண்டுகளில் அதற்கு ஒரு சோதனை வந்தது.

*

1939 செப்டம்பர். போர் அறிவிக்கப்பட்டுவிட்டது. பாரிஸுக்கு வெளியே லெ வெஸினே என்ற இடத்தில் ஜோசஃபினின் மாளிகை. வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. இறங்கியவர் ஜாக் அப்தே, பிரெஞ்சு ராணுவ உளவுத்துறையின் அதிகாரி. கூட்டி வந்தவர் தனியேல் மருவானி என்ற நாடக ஏஜென்ட்.

அப்தேவுக்கு இந்தச் சந்திப்பில் விருப்பமே இல்லை. மேடைக்காரிகளை உளவுக்கு நம்பலாமா? முதல் உலகப்போரில் மாத்தா ஹாரி என்ற நடனக்காரியை ஜெர்மன் உளவாளி என்று குற்றம் சாட்டி 1917-ல் பிரான்ஸ் சுட்டுக் கொன்றது. அந்த நினைவு உளவுத்துறையை விட்டுப் போகவில்லை. பட்டும் வைரமுமாக ஒரு நடிகை படியிறங்கி வருவார் என்று எதிர்பார்த்தார்.

தோட்டத்துப் புதருக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பழைய தொப்பி, கையில் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் நத்தைகள். வீட்டு வாத்துகளுக்குத் தீனி பொறுக்கிக்கொண்டிருந்தார் ஐரோப்பாவின் புகழ்பெற்ற நட்சத்திரம்.

பேச்சு நீளவில்லை. தன்னை ஆளாக்கியது பிரான்ஸ், அதற்குத் தன் உயிரையே தரலாம் என்றார் ஜோசஃபின். சம்பளம் வாங்காமல் தகவல் திரட்டித் தருபவர்களுக்கு உளவுத்துறையில் ‘கௌரவத் தொடர்பாளர்’ என்று பெயர். அந்தப் பட்டியலில் ஜோசஃபின் பேக்கரின் பெயர் ஏறியது.

முதல் வேலை இத்தாலியத் தூதரகம். 1935-ல் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது ஜோசஃபின் அதை ஆதரித்துப் பேசியிருந்தார். கறுப்பின உலகம் மனம் கொதித்த பேச்சு அது. வாழ்க்கையில் அவர் செய்த பெரும் பிழை என்று தயங்காமல் சொல்லலாம். அந்தப் பேச்சை நினைவில் வைத்திருந்த இத்தாலியர்கள் அவரைத் தங்கள் பக்கத்து ஆள் என்று நம்பினார்கள். விருந்துகளில் அவர் முன்னிலையில் மனம் விட்டுப் பேசினார்கள். ஜோசஃபின் சிரித்தார், கேட்டார், ஒன்றும் புரியாதவர் போலக் கண்ணை உருட்டினார். வரிசையின் கடைசியில் நின்று பழகிய அதே நடிப்பு. பிறகு ஒதுங்கிப்போய்க் கையிலும் உள்ளங்கையிலும் குறித்துக்கொண்டார். அப்படிச் செய்யாதீர்கள், ஆபத்து என்று எச்சரித்தால், என்னை யார் உளவாளி என்று நினைக்கப்போகிறார்கள் என்று சிரிப்பார்.

பகலில் அகதிகளுக்குச் சூப் ஊற்றினார். இரவில் மேடையேறினார். மாரிஸ் ஷெவாலியேவோடு போர்முனைக்குப் போய்ச் சிப்பாய்களுக்காகப் பாடினார். எந்த வேலையில் எது வேடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

1940 ஜூன் 14. ஜெர்மானியப் படைகள் பாரிஸுக்குள் நுழைந்தன. அதற்குள் ஜோசஃபின் தெற்கே தோர்தோஞ் பகுதியில் தாம் வாடகைக்கு எடுத்திருந்த மிலாந்த் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். பெட்ரோல் கிடைக்காத நாட்களுக்காக ஷாம்பெயின் புட்டிகளில் அதைச் சேமித்து வைத்திருந்தார் என்பது அந்தப் பயணத்தைப் பற்றி இன்றும் சொல்லப்படும் செய்தி. நான்கு நாட்கள் கழித்து லண்டனிலிருந்து வானொலியில் ஒரு குரல் வந்தது. சரணடைய மறுத்த தளபதி ஷார்ல் த கோல், போராட்டத்தைத் தொடர அழைத்தார். அந்த அழைப்பை ஏற்றுச் செப்டம்பரில் நம் புதுச்சேரியின் பிரெஞ்சு நிர்வாகமும் த கோல் பக்கம் சேர்ந்தது. மிலாந்த் கோட்டையில் ஜோசஃபினும் அதே முடிவை எடுத்தார்.

சில வாரங்களில் அப்தே கோட்டைக்கு வந்தார். அவரிடம் ஜெர்மன் படைகளைப் பற்றிய தகவல்கள் குவிந்திருந்தன. அவற்றை லண்டனுக்குச் சேர்க்க வேண்டும். நடுநிலை நாடான போர்ச்சுகல் வரை போனால் போதும். ஆனால் இடையில் இரண்டு எல்லைகள். ஸ்பெயின் முழுவதும் ஜெர்மன் ஆட்களின் கண்கள். கரணம் தப்பினால் மரணம்.

காகிதங்களை எதில் மறைப்பது?

*

ஒரு பாடகியின் பெட்டியில் என்ன இருக்கும்? உடைகள் இருக்கும். முகப்பூச்சு இருக்கும். கட்டுக் கட்டாக இசைக்குறிப்புத் தாள்கள் இருக்கும்.

தகவல்கள் கண்ணுக்குத் தெரியாத மையில் அந்தத் தாள்களில் எழுதப்பட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்து கோடுகளும் சுரப் புள்ளிகளும்தான். எடுத்துச் சென்ற புகைப்படங்களை ஜோசஃபின் தன் உடைக்குள் ஊசி குத்தி மறைத்தார். அப்தேவுக்கு ஒரு மீசை, ஒரு கண்ணாடி, ஒரு பொய்ப் பாஸ்போர்ட். பெயர் ஜாக் ஹெபேர், தொழில் ஜோசஃபின் பேக்கரின் செயலாளர். காரணம்? தென் அமெரிக்காவுக்குக் கலைப்பயணம் போகும் வழியில் லிஸ்பன் போகிறோம்.

1940 நவம்பர். ரயில் பிரனே மலையைத் தாண்டியது. எல்லைச் சோதனைச் சாவடி. ஒளிந்து ஒளிந்து வரும் ஒற்றரைத்தான் அதிகாரிகள் தேடுவார்கள். ஜோசஃபின் செய்தது நேர் எதிர். கம்பளி மேலாடையும் புன்னகையுமாக, மேடையில் இறங்குவது போல ரயிலிலிருந்து இறங்கினார். பார்க்க வேண்டுமா? நன்றாகப் பாருங்கள். எல்லாக் கண்களும் அவர் மீது. சோதனை போட வேண்டியவர்கள் கையெழுத்து கேட்டு நின்றார்கள். பின்னால் பெட்டிகளோடு வந்த மீசைக்காரச் செயலாளரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

லிஸ்பன் போய்ச் சேர்ந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் நட்சத்திரத்தைச் சூழ்ந்துகொள்ள, செயலாளர் அமைதியாக விலகிப் போய்த் தகவல்களைப் பிரிட்டிஷ் கைகளில் சேர்த்தார். அவை லண்டனை அடைந்தன.

பிராட்வேயில் கைதட்டல் கிடைக்காத கலைஞர் வாழ்க்கையின் மிகச் சிறந்த நடிப்பை அன்று கொடுத்தார். பார்த்தவர்கள் யாருக்கும் அது நாடகம் என்றே தெரியவில்லை.

லிஸ்பனிலேயே தங்கியிருக்கலாம். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் கிடைக்கும். ஜோசஃபின் திரும்பி வந்தார். ஜெர்மானியர் இன்னும் பிடிக்காத தென் பிரான்ஸில், மார்செய் நகரில், சந்தேகம் வராமல் தங்க ஒரு காரணம் வேண்டும். மீண்டும் கலைதான் கைகொடுத்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் நடித்த ‘லா கிரியோல்’ நாடகத்தைக் குறுகிய நாட்களில் ஒத்திகை பார்த்து, 1940 டிசம்பர் 24 அன்று மார்செய் ஓபரா அரங்கில் மேடையேற்றினார். மனதில் பதிந்த பாட்டும் வசனமும் அவரைக் காப்பாற்றின.

சில வாரங்கள்தான். தென் பிரான்ஸும் எப்போது வேண்டுமானாலும் ஜெர்மானியர் கைக்குப் போகலாம், உடனே வட ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புங்கள் என்று தகவல் வந்தது. நாடக ஒப்பந்தம் பாக்கி இருந்தது. குளிரில் நுரையீரல் கெட்டுவிட்டதாக மருத்துவச் சான்று வாங்கிக் கொடுத்துவிட்டு 1941 ஜனவரியில் அல்ஜியர்ஸுக்குக் கப்பல் ஏறினார். மிலாந்த் கோட்டையில் விட்டு வந்த செல்லப் பிராணிகளை விட்டுப் போக மனம் வரவில்லை. பெரிய நாய் ஒன்று, குரங்குகள், இரண்டு வெள்ளை எலிகள் எல்லாம் வரவழைக்கப்பட்டுக் கூடவே ஏறின. உயிர் போகும் வேலையில் இருப்பவர் குரங்கையும் எலியையும் கூட்டிக்கொண்டா ஊர் சுற்றுவார்? பார்த்தவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அங்கிருந்து மொராக்கோ. அப்தேவுக்குப் போர்ச்சுகல் விசா மறுக்கப்பட்டது. இனி ஜோசஃபின் தனியாகத்தான் போக வேண்டும். போனார். இசைத்தாள்களோடு லிஸ்பனுக்கு ஒரு முறை. பிறகு ஸ்பெயினில் நகரம் நகரமாகக் கச்சேரிகள். பகலில் ஒத்திகை, இரவில் பாட்டு, விருந்து. விருந்தில் கேட்டதை அறைக்கு வந்து சின்னச் சின்னத் துண்டுகளில் எழுதி, உள்ளாடையில் ஊசி குத்தி வைத்துக்கொள்வார். ஜோசஃபின் பேக்கரை உடை களைந்து சோதிக்கும் துணிச்சல் எந்த அதிகாரிக்கும் வராது என்பது அவர் கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு முன் உலகம் முழுக்க வேடிக்கை பார்த்த உடல் அது. இப்போது அதைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை.

ஒவ்வொரு முறையும் அவருடைய கணக்கு சரியாக இருந்தது. எல்லைகளில் அவர் பிடிபடவில்லை. ஆனால் ஆபத்து எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

*

1941 ஜூன். காஸாபிளாங்கா.

ஜோசஃபினுக்கு நீண்டநாள் ஆசை ஒன்று இருந்தது. குழந்தை வேண்டும். அந்த ஆசை கருவிலேயே கருகியது. தொற்று வயிறு முழுவதும் பரவியது. காய்ச்சல் இறங்கவில்லை. நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை, மீண்டும் காய்ச்சல், மீண்டும் அறுவை சிகிச்சை. இனி தாயாக முடியாது என்று ஆனது. நாட்கள் வாரங்களாயின, வாரங்கள் மாதங்களாயின. பத்தொன்பது மாதங்கள் அவர் நோயாளி.

உடல் படுத்துவிட்டது. அதற்காக அவர் தன் வேலையை விடவில்லை.

புகழ்பெற்ற நோயாளியைப் பார்க்க யார் வேண்டுமானாலும் பூங்கொத்தோடு வரலாம். காவலுக்கு நிற்பவர் கேள்வி கேட்க முடியாது. மொராக்கோவின் பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிய பிரெஞ்சு இயக்கத்தார் வந்தார்கள். உணவுக் கப்பல்களைக் கண்காணிக்க என்று சொல்லி அமெரிக்கா வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியிருந்த துணைத் தூதர்களும் வந்தார்கள். அவர்களுடைய உண்மையான வேலை உளவு. நோயாளியின் கட்டிலைச் சுற்றித் தகவல்கள் கைமாறின. ஆடமுடியாத, பாடமுடியாத நாட்களிலும் நட்சத்திரம் என்ற பாத்திரத்தை மட்டும் ஜோசஃபின் கைவிடவில்லை. அந்தப் பாத்திரம் இருக்கும்வரை அந்த அறை பாதுகாப்பான அறை.

1942 நவம்பர் 8 அதிகாலை. காஸாபிளாங்காவின் கடற்கரையில் பீரங்கிகள் முழங்கின. அமெரிக்கப் படைகள் வட ஆப்பிரிக்காவில் தரையிறங்கிவிட்டன. ஜோசஃபின் படுக்கையிலிருந்து எழுந்து வெறுங்காலோடு மாடி முகப்புக்கு ஓடினார். அந்தத் தகவல்களும் அந்த ரகசியச் சந்திப்புகளும் எந்த நாளுக்காக நடந்தனவோ அந்த நாள் வந்துவிட்டது.

மூன்று நாட்களில் காஸாபிளாங்கா அமெரிக்கர் வசம் வந்தது. துறைமுகத்தில் இறங்கிய சிப்பாய்களில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள். ஆனால் அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையருக்குத் தனிப்படை, கறுப்பருக்குத் தனிப்படை. ஹிட்லரின் இனவெறியை எதிர்க்க வந்த படை, இனப் பிரிவினையையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. ஜோசஃபின் எந்தப் பின்கதவை வெறுத்து நாட்டை விட்டு வந்தாரோ, அது கடல் தாண்டி அவரைத் தேடி வந்துவிட்டது.

அதே நாட்களில் அட்லாண்டிக்கின் மறுபக்கம் ஒரு செய்தி பரவியது. ஜோசஃபின் பேக்கர் மொராக்கோவில் இறந்துவிட்டார்.

கறுப்பின அமெரிக்கர்களின் பெரும் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழில் இரங்கல் எழுதினார். போர்க்களத்தில் விழும் சிப்பாய்களைப் போல ஜோசஃபினும் ஹிட்லருக்குப் பலியானவர்தான் என்பது அவர் எழுதியதன் சாரம். ஆறு ஆண்டுகளுக்கு முன் பிராட்வே உதறித் தள்ளிய பெண்ணுக்காகக் கறுப்பின அமெரிக்கா அழுதது.

தன் மரணச் செய்தி உலகைச் சுற்றிக்கொண்டிருக்க, ஜோசஃபின் மருத்துவமனையை விட்டு வெளியே வந்தார். வயது 36. உடல் இளைத்துவிட்டது. வயிற்றில் அறுவை சிகிச்சைத் தழும்புகள். நிற்கவே பலம் போதாத கால்கள். அந்தக் கால்களைத் தேடித்தான் ஓர் அழைப்பு வந்தது. காஸாபிளாங்காவில் கறுப்பினச் சிப்பாய்களுக்காக ஒரு மனமகிழ் மன்றம் திறக்கிறார்கள். முதல் நிகழ்ச்சிக்கு நீங்கள் பாட வேண்டும்.

பத்தொன்பது மாதங்களாக மேடை ஏறாதவர். ஊரெல்லாம் இறந்துவிட்டதாக நம்பும் ஒருவர். நிறத்தின் பெயரால் இரண்டாகப் பிளந்து நிற்கும் ஒரு ராணுவம். அந்த மேடையில் ஜோசஃபின் ஏறினாரா? ஏறியபோது, பத்திரிகைகள் போதாது என்று சொன்ன அந்தக் குரலிலிருந்து என்ன வெளிவந்தது?

(அடுத்த வாரம்: இறந்தவர் பாடிய இரவு)